கெருடாவிலிலிருந்து ஜெனீவா வரை
(எமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





செயலாளர் அண்ணன் என்னிடம் வந்து, "கலை வரலாற்றிலே பலரும் அறியாத வியப்பான செய்திகளைப் பற்றிப் பேசு, ஆனால் அரைமணி நேரத்துக்கு மேற் பேசாதே" என்றார். முதலாவது கட்டளை எனக்கு மகிழ்ச்சியைத் தந்தது. இரண்டாவது உங்களுக்கு மகிழ்ச்சியைத் தரும் என்று நினைக்கிறேன்.

யான் படித்தது ஒரு மிஷன் பாடசாலையில் என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். அப்பாடசாலை நூல்நிலையத்திலே படங்கள் நிறைந்த பெரிய புத்தகங்கள் சில இருந்தன. மழைக்காலத்தில் விளையாட்டு இல்லாத நாட்களில் அவற்றைப் புரட்டிக்கொண்டிருப்பேன். உரோமாபுரியிலுள்ள சிஸ்ரைன் தேவாலயத்தின் விதானத்தை மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை நின்று வரைந்து முடித்தார் என்பது எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே மனப்பாடம். ஆனால் எங்கள் கரவெட்டியிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள கெருடாவிலுக்கும் உலகக் கலை வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதைப் பல்கலைக்கழகம் போன பின்புதான் அறிந்தேன். இதற்குப் பாடசாலையைக் குறைகூற மாட்டேன். புத்தகத்தைத் திறக்கப் பழக்கியது அதுவே. எந்தப் புத்தகத்தைத் திறப்பது என்று கேட்டிருக்க வேண்டியவன் நான்.

ஆகவே இன்று உலகம் முழுவதையும் சுற்றிவர நான் எண்ணவில்லை. நாம் எல்லோரும் அறிந்த ஒரு திருவுருவத்தை, நடராசப் பெருமானின் திருவுருவத்தை, நடுவில் வைத்துக்கொண்டு சில செய்திகளைக் கூறுகிறேன். முடிவிலே உங்களிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு. அதைக் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம், முதலிலே சொன்னால் பெரியவர்கள் சிலர் எழுந்து போய்விடுவார்களோ என்ற பயமே.

கெருடாவிலில் வாழ்ந்த ஆறுமுகம்பிள்ளை என்பவர் ஊரைவிட்டுக் கொழும்புக்குச் சென்று குடியேறினார். அவருடைய மகன் குமாரசுவாமி முதலியார் அரசாங்கத்தில் உயர்ந்த பதவி வகித்துச் சட்டசபையிலும் தமிழர் பிரதிநிதியாக இருந்தார். அவருடைய மகன் முத்துக்குமாரசுவாமி இங்கிலாந்து சென்று நியாயவாதியாகி, 1874 இல் 'சேர்' பட்டம் பெற்றார். சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆகியோருக்கு இவர் தாய்மாமன். இவர் எலிசபெத் என்ற ஆங்கில மாதை மணந்தார். அவர்களுக்கு 1877 ஆகஸ்ட் 22 இல் கொழும்பில் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்பே தந்தையார் காலமானார். பிள்ளை இங்கிலாந்திலே தாயாரால் வளர்க்கப்பட்டது. அப்பிள்ளையே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

கலாயோகி என்றவுடன் அவர் சிறுவயது முதல் சிற்பமும் ஓவியமும் படித்தவர் என்று எண்ணுவோம். அப்படியன்று. அவர் படித்தது நிலவியல், அதாவது மண்ணையும் கல்லையும் பற்றிய விஞ்ஞானம். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தார். செரண்டிபைற்று என்ற கனிப்பொருளை உலகுக்கு அறிவித்த இருவரில் அவர் ஒருவர். அதன் பெயரிலே நமது நாட்டின் பழைய பெயராகிய செரண்டிப் இருக்கிறது. 1904 இல் தோரியனைற்று என்ற கனிப்பொருளைக் கண்டுபிடித்தார். அது தோரியமும் யுரேனியமும் அடங்கிய, கதிர்வீசும் இயல்புடைய பொருள். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

கல்லைத் தேடி ஊரூராக நடந்தபோது அவர் கண்டது வேறொன்று. கண்டிப் பகுதியிலே பரம்பரை பரம்பரையாக வந்த கைவினைகள் அழிந்துகொண்டிருந்தன. நெசவாளன், தட்டான், தச்சன், ஓவியன் எல்லோரும் தொழிலை விட்டுக்கொண்டிருந்தார்கள். இவற்றை எழுதி வைக்காவிட்டால் ஒரு தலைமுறையில் எல்லாம் போய்விடும் என்று கண்டு, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908 இல் வெளியிட்டார். அவருடைய மனைவியார் எதெல் அம்மையார் அதற்கு நிழற்படங்கள் எடுத்தார். நூலை அச்சிட்ட அச்சியந்திரம், ஆங்கிலக் கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மொறிஸ் தமது புகழ்பெற்ற நூல்களை அச்சிட்ட அதே கையச்சியந்திரம். 425 பிரதிகளே அச்சிடப்பட்டன. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஒருவர் சிங்களக் கிராமத்துத் தொழிலாளரின் கலையை அழியாமற் பதிந்து வைத்தார் என்பதை நாம் நினைந்து பார்க்கவேண்டும். கலைக்கு இனம் பார்க்கத் தெரியாது.

இப்பொழுது நடராசரிடம் வருவோம். மேல்நாட்டார் பலர் ஒரு காலத்தில் நமது தெய்வத் திருவுருவங்களைக் கண்டு நகைத்தார்கள். நான்கு கைகள் ஏன், கையிலே நெருப்பு ஏன் என்று கேட்டார்கள். அவர்களுக்கு விடை கூறி, உலக அறிஞரின் கருத்தையே மாற்றிய கட்டுரை ஆனந்த குமாரசுவாமி எழுதிய 'சிவநடனம்' என்ற ஆங்கிலக் கட்டுரை. 1918 இல் நியூயோர்க்கிலே வெளியான நூலின் வாயிலாக அது உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது முதன்முதலில் எங்கே வெளிவந்தது தெரியுமா? இலண்டனிலுமன்று, பாரிசிலுமன்று. சென்னையிலிருந்து வெளிவந்த 'சித்தாந்த தீபிகை' என்ற சைவ சித்தாந்தச் சஞ்சிகையில், 1912 ஆம் ஆண்டில். திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய நமது நூல்களையே அவர் ஆதாரமாகக் கொண்டார். உடுக்கை ஏந்திய கை படைத்தலையும், அபய கரம் காத்தலையும், தீ ஏந்திய கை அழித்தலையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்று நமது வீட்டுப் பெரியவர்கள் அறிந்திருந்த பொருளையே உலகத்துக்கு விளங்கும்படி எடுத்துரைத்தார். சிறிய சமயச் சஞ்சிகை என்று எதையும் இகழக்கூடாது. நமது சங்கத்தின் மலருக்குக் கட்டுரை தரமறுக்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

அடுத்த செய்தி பிரான்சு தேசத்தைப் பற்றியது. அக்காலத்தில் ஐரோப்பாவின் தலைசிறந்த சிற்பி என்று போற்றப்பட்டவர் ஓகுஸ்ற் ரொடின். அவர் 1913 இல் நடராசர் திருவுருவத்தைப் பற்றி உருக்கமான ஒரு கட்டுரை எழுதினார். அது அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1921 இல், ஆனந்த குமாரசுவாமி முதலியோரின் கட்டுரைகளோடு சேர்த்துப் பாரிசிலே வெளியிடப்பட்டது. வியப்பு என்னவென்றால், ரொடின் எழுதியது சென்னை நூதனசாலையிலுள்ள திருவுருவத்தைப் பற்றி. ஆனால் அவர் சென்னைக்கு வந்தவரல்லர். கொலொபேவ் என்ற அறிஞர் காட்டிய நிழற்படங்களைப் பார்த்தே அவ்வளவும் எழுதினார்! ஒரு படம் கடல் கடந்து போய், ஒரு மேதையின் கையிலே பேனாவைக் கொடுத்திருக்கிறது. நாம் நேரிலே கண்டும் ஒரு வரி எழுதியதில்லை.

இந்தச் செப்புத் திருமேனிகளை வார்க்கும் முறையும் ஓர் அதிசயமே. முதலில் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவத்தைச் செய்வார்கள். அதன்மேல் ஆற்று வண்டல் மண்ணைப் பூசிப் பூசி உலர்த்துவார்கள். பின் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பார்கள். பஞ்சலோகம் என்று சொன்னாலும் அதிற் பெரும் பங்கு செம்பே. ஆறிய பின் மண்ணை உடைத்தாற்றான் திருமேனி வெளிப்படும். ஆகவே, ஓர் அச்சிலே இரண்டாவது திருமேனி கிடையாது. ஒன்று போனால் போனதுதான். அதே போல இன்னொன்று செய்யலாம்; அதுவே இது ஆகாது.

நமது நாட்டிலும் இத்தகைய செல்வங்கள் உண்டு. 1907, 1908 ஆம் ஆண்டுகளில் பொலநறுவையிலே தொல்பொருள் அதிகாரி பெல் என்பவர் அகழ்ந்தபோது, சோழர் காலத்துக் கலைமரபைச் சேர்ந்த சைவத் திருமேனிகள் பல கிடைத்தன. நடராசர், சிவகாமியம்மை, நாயன்மார் திருவுருவங்கள் அவற்றுள் அடங்கும். 1960 இல் அதே நகரத்தில் மேலும் பல கிடைத்தன. பொலநறுவைத் திருமேனிகளுள் சுந்தரமூர்த்தி நாயனாரின் திருவுருவத்தைப் பார்த்தவர் மறக்கமாட்டார்கள்; இறைவன் தடுத்தாட்கொண்ட அந்தக் கணத்தின் வியப்பு முகத்திலே அப்படியே நிற்கிறது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் இத்திருமேனிகளைப் பற்றியும் சிவவழிபாட்டின் உட்பொருளைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். கொழும்புக்கு விசா எடுக்கப் போகிறவர்கள், வேலை தேடப் போகிறவர்கள் நம்மிற் பலர். ஒரு மணி நேரம் ஒதுக்கி நூதனசாலைக்குள் சென்று வந்தவர்கள் எத்தனை பேர்?

திருகோணமலையின் கதையைப் பெரியவர்கள் அறிவார்கள். 1622 இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்து, கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினான். அதற்கு முந்திய ஆண்டில் நல்லூர்க் கோயிலும் அழிக்கப்பட்டது. கோணேசர் கோயிலின் திருமேனிகளை அடியார்கள் மண்ணுக்குள் மறைத்து வைத்தார்கள். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அவை எங்கே இருக்கின்றன என்று ஒருவருக்கும் தெரியாது. 1950 இல் நகரசபையார் ஒரு கிணறு வெட்டியபோது மண்வெட்டியில் உலோகம் தட்டுப்பட்டது. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பிகை, பிள்ளையார் முதலிய திருமேனிகள் வெளிப்பட்டன. ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டு, 1952 இல் மீண்டும் கோயிலில் எழுந்தருளுவிக்கப்பட்டன. 1956 இல் ஆதர் சி. கிளாக் என்ற விஞ்ஞானக் கதாசிரியரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கடலுக்குள் மூழ்கிப் பழைய கோயிலின் கற்றூண்களைக் கண்டார்கள். விண்வெளியைப் பற்றி எழுதிப் புகழடைந்தவர் நமது கடலடியிலே கோயிலைத் தேடினார் என்பது இளைஞர்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். இதிலே என் மனத்தைத் தொட்டது வேறொன்று. மறைத்து வைத்தவர்கள் அந்தத் தலைமுறையைக் காப்பாற்றினார்கள். ஆனால் எங்கே மறைத்தோம் என்பதை அடுத்த தலைமுறைக்குச் சொல்ல அவர்களுக்கு வழியிருக்கவில்லை. திருவருளால் கிணறு வெட்டினார்கள், கிடைத்தது. வெட்டாவிட்டால்?

எங்கள் வடமராட்சியிலும் ஒன்று உண்டு. வல்லிபுரத்திலே கிடைத்த பழைய புத்தர் கற்சிலையொன்றை, 1906 இல் தேசாதிபதி சேர் ஹென்றி பிளேக் சீயம் தேசத்து அரசருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். இன்று அத்தேசத்துக்குத் தாய்லாந்து என்று பெயர். பழைய யாழ்ப்பாணத்துச் சமய வரலாற்றைச் சொல்லவேண்டிய சான்று ஒன்று, ஊரவர் ஒருவரையும் கேளாமல் கப்பலேறிப் போயிற்று. ஆழ்வார் கோயிலுக்கு ஆண்டுதோறும் போகிறோம். இந்தச் செய்தியை அந்த மணலிலே நின்று எவரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்னியன் கொண்டுபோனான் என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாம். அது எளிது. ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. நாமே இழந்தவற்றைக் கேளுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் 1010 இல் நிறைவெய்தியது. அதன் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உள் வீதியிலே நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி என்பவர் விளக்கோடு அங்கே புகுந்து, சுதை கழன்றிருந்த இடங்களைக் கூர்ந்து நோக்கினார். மேற்பூச்சின் கீழே இன்னோர் ஓவியம் தெரிந்தது. அதுதான் இராசராச சோழன் காலத்துச் சோழர் ஓவியம்! சுந்தரர் வெள்ளை யானைமீது கயிலை செல்வதும், தில்லை நடராசரை அரசன் வழிபடுவதும் அங்கே இருந்தன. பின்வந்தவர்கள் பக்தியினாலேயே அதன்மேல் பூசிப் புதிதாக எழுதினார்கள். பக்தி இருந்தது, பழையதை மதிக்கும் நினைவு இருக்கவில்லை.

கும்பகோணத்துக்கு அருகே சிவபுரம் என்ற ஊர். 1951 இல் அங்கே நிலத்திலிருந்து நடராசர் முதலிய சோழர் காலத் திருமேனிகள் கிடைத்துக் கோயிலில் வைக்கப்பட்டன. சில ஆண்டுகளுள் பழுதுபார்க்கவென்று திருமேனிகள் வெளியே கொடுக்கப்பட்டன. திரும்பி வந்தது நடராசர்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். தீபாராதனை நடந்தது, அபிஷேகம் நடந்தது. ஆனால் வந்தது ஒரு போலி. உண்மையான திருமேனி வெளியே போய்விட்டது. இதைக் கண்டுபிடித்தது யார்? ஊரவருமல்லர், அதிகாரிகளுமல்லர். பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த டக்ளஸ் பரற் என்ற ஆங்கிலேயர். சோழர் திருமேனிகளைப் பற்றி 1965 இல் வெளியிட்ட நூலிலே, கோயிலில் இருப்பது போலி என்று எழுதினார். 1973 இல் அமெரிக்கச் செல்வர் நோட்டன் சைமன் அத்திருமேனியை ஏறக்குறைய 9 இலட்சம் டொலருக்கு வாங்கினார். நெடிய வழக்கின் பின் 1986 இல் அது இந்தியாவுக்குத் திரும்பிற்று. நாள்தோறும் கும்பிட்டவர்களுக்குத் தெரியாத வேறுபாடு, கடல் கடந்து வந்த ஒருவருக்குத் தெரிந்தது. அவர் நம்மிலும் பக்தியிற் சிறந்தவரல்லர். அவர் உற்றுப் பார்த்தார். பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவ்வளவே.

பத்தூர் நடராசரின் கதை அதனிலும் விந்தையானது. 1976 இல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த திருமேனி, கைமாறிக் கைமாறி இலண்டனை அடைந்தது. அங்கே வழக்கு நடந்தது. வழக்காளிகளாக நின்றவர்களுள் பாழடைந்து கிடந்த அந்தக் கோயிலும், அங்கிருந்த சிவலிங்கமும் அடங்கும்! இங்கிலாந்தின் நீதிமன்றத்திலே சிவபெருமான் தம் பொருளைக் கேட்டு வழக்காடினார் என்று சொல்லலாம். 1991 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கோயிலின் உரிமையை உறுதிசெய்தது. நடராசர் ஊர் திரும்பினார்.

கடைசியாக, நம் காலத்தில் நடந்தது. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் என்ற சிற்றூரிலே வழிபாடு குன்றிப் பூட்டிக்கிடந்த பழைய சிவன் கோயிலிலிருந்து 2006 இல் நடராசர் திருமேனி களவு போயிற்று. 2008 வரை களவு போனது வெளியே தெரியவில்லை. அந்த 2008 இலேயே அவுஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதை நியூயோர்க் வியாபாரி ஒருவரிடம் 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கிவிட்டது. வியாபாரி கொடுத்த பத்திரங்களோ, திருமேனி பல்லாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறியது என்று கூறின. அவை பொய்ப் பத்திரங்கள் என்று எப்படி நிரூபிப்பது? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னாட்டுக் கோயில்களுக்குச் சென்று படமெடுத்து வைத்து வந்திருக்கிறது. இன்று ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உள்ளன. அந்தக் கோயிலில் அந்த நடராசர் இருந்தபோது எடுத்த படமும் அங்கே இருந்தது. 2014 செப்டெம்பரில் அவுஸ்திரேலியப் பிரதமர் இந்தியா வந்து திருமேனியை ஒப்படைத்தார். சிட்னி நகரத்துக் கலைக்கூடத்திலிருந்து விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலையும் அப்போதே திரும்பிற்று. அதற்கும் பழைய படமே சாட்சி.

பெரியோர்களே, இத்தனை கதைகளிலும் ஒரே நூல் ஓடுகிறது. ரொடினை எழுதவைத்தது ஒரு படம். நடராசரை ஊருக்குத் திருப்பியது ஒரு படம். கண்டிக் கைவினைஞரின் திறமையை நமக்குத் தந்தது எழுத்தும் படமும். பதியாதவை மறைந்தன, பதிந்தவை திரும்பின.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். பெயர் சொல்லமாட்டேன், ஒரு கோயில். சில ஆண்டுகளுக்கு முன் திருப்பணி நடந்தது. புதிய மண்டபம், புதிய வர்ணம், எல்லாம் அழகாக இருந்தன. கோயிலின் பின்புறத்திலே மடத்துச் சுவரோடு ஒரு மரக்குதிரை வாகனம் மழையிலே சாய்ந்து கிடந்தது. முன்கால் ஒன்றைக் கறையான் தின்றுவிட்டது. ஆனால் கழுத்திலே செதுக்கியிருந்த மணிமாலை ஒவ்வொரு மணியாகத் தெரிந்தது. கண்ணிலே ஒரு வெருட்சி இருந்தது. எங்கள் அப்புவிடம், "இது எப்ப செய்தது?" என்று கேட்டேன். "ஆருக்குத் தெரியும் மோனை! நான் சின்னப் பொடியனாய் இருக்கேக்கையே உது பழசு. என்ரை தேப்பனைக் கேட்டிருந்தால் தெரிஞ்சிருக்கும்" என்றார். அடுத்த விடுமுறைக்கு வந்தேன். குதிரை அங்கே இல்லை. விசாரித்தேன். பொங்கலுக்கு விறகாகிவிட்டது என்றார்கள். கோபித்துச் சொன்னவர்கள் ஒருவருமில்லை. மறைத்துச் சொன்னவர்களும் இல்லை. பழைய மரம், எரித்தார்கள்.

நான் அதை எரித்தவரைக் குறைசொல்லவில்லை. என்னைத்தான் குறைசொல்லுகிறேன். அன்றைக்கு என் சட்டைப் பையிலே கைத்தொலைபேசி இருந்தது. அந்தக் குதிரைக்கு முன்னால் நின்று நண்பர்களோடு படமும் எடுத்தேன். இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் எங்கள் மூன்று பேரின் பல் தெரிகிறது. குதிரையின் காது மாத்திரம் தெரிகிறது.

இப்போது என் விண்ணப்பம். எங்கள் சங்கத்தின் சார்பில் ஒரு பதிவேடு தொடங்குவோம். கரவெட்டியிலும் சுற்றயலிலும் உள்ள கோயில்கள் ஒவ்வொன்றிலும் உள்ள எழுந்தருளித் திருமேனிகள், வாகனங்கள், தேரின் சிற்பங்கள், பழைய மணிகள், கல்வெட்டுகள், திரைச்சீலைகள் ஆகியவற்றை எழுதுவோம். உயரம், அகலம், பொருள், செய்த ஆண்டு, செய்வித்தவர், செய்த ஆசாரியாரின் பெயர், இவற்றுள் தெரிந்தவற்றைக் குறிப்போம். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் பக்கமும் படமெடுப்போம். கோடு, கீறல், ஒட்டுப்போட்ட இடம் ஆகியவற்றைத் தனியே எடுப்போம். போலியைப் பிரித்துக் காட்டுவது அதுவே.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்று எனக்குத் தெரியும். முதலாவது, விக்கிரகங்களைப் படமெடுக்கலாமா என்பது. மூலமூர்த்தியை எடுக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த எல்லையை மதிக்கிறேன். எழுந்தருளித் திருமேனிகள் திருவிழாவில் வெளிவீதி வருகிறார்கள். ஊரெல்லாம் கண்டு வணங்குகிறது. குருக்கள் ஐயா அனுமதித்த நேரத்தில், அனுமதித்த முறையில் எடுப்போம். அனுமதிக்காததை எழுத்திலே மட்டும் குறிப்போம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலியது. படமும் விவரமும் இருந்தால் கள்வனுக்கு வழிகாட்டியது போலாகாதா? ஆகும், அதை உலகமெல்லாம் பார்க்கும்படி இணையத்திலே போட்டால். ஆகவே போடக்கூடாது. ஒரு பிரதி கோயில் ஆதீனகர்த்தாவிடம் இருக்கட்டும். ஒரு பிரதி சங்கத்துப் பெட்டகத்தில் முத்திரையிட்டு இருக்கட்டும். இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: இதிலே எடுத்த படத்தை முகநூலில் இடுகிறவர் யாரோ, அவர் அன்றோடு பதிவேட்டு வேலையிலிருந்து விலகவேண்டும். இந்த விதியை முதலில் எனக்கே விதித்துக்கொள்கிறேன். சிறீபுரந்தானிலே கள்வனுக்கு வழிகாட்டியது படமன்று. பூட்டிய கதவும் ஊராரின் மறதியுமே. மீட்டுத் தந்ததுதான் படம்.

பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். படமெடுக்க எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த மயில்வாகனத்தை உபயஞ் செய்தவர் யார், அந்தத் தேருக்கு மரம் எங்கிருந்து வந்தது, எந்த ஊர் ஆசாரியார் எத்தனை மாதம் தங்கி வேலை செய்தார் என்பவை உங்கள் நெஞ்சிலே மட்டும் இருக்கின்றன. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, வீட்டுப் பத்திரங்களையும் படங்களையும் இழந்த ஊர் இது. எஞ்சியிருக்கும் பதிவேடு உங்கள் ஞாபகம் ஒன்றே. அதை எங்களுக்குத் தாருங்கள். "தேப்பனைக் கேட்டிருந்தால் தெரிஞ்சிருக்கும்" என்று எங்கள் அப்பு சொன்னதை, நாளை எங்கள் பேரப்பிள்ளைகளிடம் நாங்களும் சொல்லும்படி விட்டுவிடாதீர்கள்.

முடிக்குமுன், நான் வாக்களித்தபடி தோரியனைற்றுக் கல்லுக்குத் திரும்புகிறேன். ஆனந்த குமாரசுவாமி தாம் சேர்த்த இந்திய ஓவியங்களைக் கொண்டு காசியிலே ஒரு தேசிய நூதனசாலை அமையவேண்டுமென்று விரும்பினார். அதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. 1917 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர நூதனசாலை அவரையும் அவருடைய சேகரிப்பையும் ஏற்றுக்கொண்டது. 1947 இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். நாம் வேண்டாமென்றதை உலகம் வைத்துக்கொண்டது. ஜெனீவா நகரருகே அணுவின் உட்கூறுகளை ஆராயும் ஐரோப்பிய விஞ்ஞான நிலையம் ஒன்று உண்டு. 2004 ஜூன் 18 இல் அங்கே இந்திய அரசு அன்பளிப்புச் செய்த, 2 மீற்றர் உயரமான நடராசர் திருவுருவம் திறந்து வைக்கப்பட்டது. அதன் கீழேயுள்ள பலகையில், நடராசரைப் பற்றிப் பொறித்திருக்கும் வாசகங்களுள் ஆனந்த குமாரசுவாமியின் வாசகமும் ஒன்று. கதிர்வீசும் கல்லைக் கண்டெடுத்த கையே நடராசரின் பொருளையும் எழுதிற்று. அணுவை ஆராய்வோரின் முற்றத்திலே அவ்வெழுத்து நிற்கிறது.

கெருடாவிலிலிருந்து ஜெனீவா வரை ஒரு பாதை உண்டு என்று காட்டத்தான் வந்தேன். ஆனால் அந்தப் பாதையை நாம் திரும்பியும் நடக்கவேண்டும். ஜெனீவாவிலே நடராசர் இருக்கிறார் என்று பெருமைப்படுவது போதாது. எங்கள் கோயில் வாகனசாலையிலே என்ன இருக்கிறது என்று அறியவேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, ஒரு குறிப்புப் புத்தகமும் அளவு நாடாவும் கொண்டு சங்க மண்டபத்து வாயிலில் நிற்பேன். வர விரும்பும் இளைஞர்கள் வரலாம். கதை சொல்ல விரும்பும் பெரியவர்கள் வீட்டிலேயே இருங்கள், நாங்கள் வருகிறோம்.

தில்லைக் கூத்தன் திருவருள் எல்லோருக்கும் துணைநிற்பதாக.